பயிரின் இயல்பை மாற்றி மருந்து விளைத்தல் அறமாமா?

மனிதர் உண்டியும் உடையும் உறையுளும் மருந்தும் பயிர்பச்சைகளினிடத்தே பெற்று வாழ்கின்றனர். நல்ல நெல்லைத் தெரிந்து விதைத்தும், மாவை ஒட்டியும், தெங்கை நாற்றிட்டும் அவற்றைத் தமக்கு இசைய நடத்தியும் வந்தனர். ஆயினும், ஒரு செடி தன் இனத்துக்குரிய பொருளையே விளைக்கும், பிறிதொன்றன் பொருளை விளையாது என்னும் நியதி அவர் கைக்கு எட்டாததாகவே இருந்தது. இக்காலத்தில் அந்நியதி தளர்ந்தது. ஒரு செடியிலுள்ள மருந்துப் பொருளை, அதனோடு நெருங்கிய உறவில்லாத வேறொரு செடி விளைக்குமாறு அதன் உள்ளியல்பை மாற்றும் வித்தை கைகூடியிருக்கின்றது. இவ்வித்தை அறத்தோடு பொருந்துமா, பொருந்தாதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

இவ்வினா விஞ்ஞானிகளுக்கே உரியது. நமக்கு இதனால் ஆவதென்னை எனின், அற்றன்று. விஞ்ஞான பாடத்திலே பரம்பரையலகைப் பற்றிக் கற்கும் மாணாக்கன், இது செய்யலாமா என்று கேட்பது ஆசிரியரையே. அவனுக்கு விடையளிப்போர் பெரும்பாலும் இருவகையினர். ஒருசாரார், புதிதாகக் காணப்பட்டது யாதாயினும் நன்றே என்பர். மற்றொருசாரார், இயற்கைக்கு மாறானது ஆதலின் தீதே என்பர். இவ்விரு விடையும் ஆராய்ச்சியைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுவன. ஆதலின், முதற்கண் செய்தியை உள்ளவாறு அறிந்து, பின்னர் அறத்தை ஆராய்வோம்.

செடிகள் மருந்துப் பொருள்களை ஏன் விளைக்கின்றன என்பது முதலில் அறியத்தக்கது. அவை நமது நோயைக் கருதி விளைப்பனவல்ல. நின்ற இடம்விட்டுப் பெயரமாட்டாத உயிர் தன்னைத் தின்ன வரும் புழுவையும் பூச்சியையும், தன்னைப் பற்றும் பூஞ்சணத்தையும் எதிர்ப்பதற்கு இரசாயனப் பொருள்களையே பெரிதும் துணையாகக் கொண்டது. நாமறிந்த புகையிலையையே எடுத்துக்கொள்வோம். அதன் நஞ்சாகிய நிக்கொட்டீன் வேரிலே உண்டாகி, நீரோடும் குழாய் வழியே இலைக்கு ஏறுகின்றது. இலையைப் பூச்சி கடித்தவிடத்து அதன் அளவு மிகுகின்றது. அது செடிக்குக் காவல். மனிதருக்கோ பழக்கமும் நோயும். இங்ஙனமே ஒரு செடிக்குக் காவலாகிய நஞ்சு அளவறிந்து கொடுக்கப்படும்போது நமக்கு மருந்தாகின்றது. ஆகவே, செடிகள் யாவும் நம்பொருட்டே உண்டாயின என்னும் செருக்குடன் இவ்வாராய்ச்சியைத் தொடங்குதல் பொருந்தாது.

இனி, ஒரு செடியின் வரலாற்றைக் காண்போம். நித்தியகல்யாணி என்றும், பட்டிப்பூ என்றும் நம்மவரால் வழங்கப்படும் செடி மடகாஸ்கர்த் தீவுக்கு உரியது. வெகு காலத்துக்கு முன்னரே வெப்ப தேசங்களெங்கும் பரவி, நமது வேலியோரத்தும் மணற்றரையிலும் தானாகவே வளர்வது. இதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்கு நல்லதென்று பல தேசத்தாரும் கருதியிருந்தனர். அக்கருத்தைப் பரீட்சிக்கும்பொருட்டு ஜமேக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடாவின் மேற்கு ஒன்ராறியோ சர்வகலாசாலையில் றொபேட் நோபிள், சாள்ஸ் பியர் என்பார் ஆராய்ந்தபோது, அது நீரிழிவைத் தணிக்கக் காணாது, இரத்தத்தின் வெண்கலங்களைக் குறைக்கக் கண்டனர். அவர் 1958 ஆம் ஆண்டில் அதனின்று பிரித்தெடுத்த பொருளே வின்பிளாஸ்ரீன். அதனோடு ஒத்த வின்கிறிஸ்ரீன் என்னும் பொருளும் பின்னர்ப் பெறப்பட்டது. இவ்விரண்டும் இன்றுவரை புற்றுநோய்க்குத் தலையாய மருந்துகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. சிறப்பாக, குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்ரீன் இன்றியமையாதது.

இத்துணைப் பயனுடைய பொருள் அச்செடியிலே எவ்வளவு உண்டெனின், மிக அற்பமே. 1 கிராம் வின்பிளாஸ்ரீன் பெறுதற்கு ஏறக்குறைய 500 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். அஃதாவது ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு. வின்கிறிஸ்ரீன் 1 கிராமுக்கு 2,000 கிலோகிராம் வரை வேண்டும். மழை பொய்த்தாலும், விளைநிலம் குறைந்தாலும், செய்யும் கம்பனி ஒன்று கைவிட்டாலும் மருந்து கிடையாதொழியும். 2019 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே, வின்கிறிஸ்ரீன் விற்ற இரண்டு கம்பனிகளுள் ஒன்று அதனைக் கைவிட, மற்றையதன் வழங்கலும் தாமதமாக, செல்வமும் வைத்தியமும் நிறைந்த அத்தேசத்து ஆசுபத்திரிகளிலேயே குழந்தைகளுக்கு இம்மருந்து போதாமற்போயிற்று. அங்கு அங்ஙனமாயின், வறிய தேசத்துக் குழந்தையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? நாம் ஆராயும் வினா வெறும் வாதத்துக்கு உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

இக்குறையை நீக்கவே மேற்கூறிய வித்தை எழுந்தது. அதன் முறையைச் சுருக்கி உரைப்போம். ஒரு செடி ஒரு மருந்துப் பொருளை ஒரே செயலால் ஆக்குவதில்லை. ஒரு நொதியம் ஒரு பொருளை ஆக்க, அதனை அடுத்த நொதியம் வேறொன்றாக மாற்ற, இவ்வாறு பல படிகள் ஏறியே ஈற்றுப் பொருள் உண்டாகின்றது. ஒவ்வொரு நொதியத்துக்கும் அதனை ஆக்கும் பரம்பரையலகு உண்டு. அப்படிகள் அனைத்தையும் கண்டு, அவற்றுக்குரிய பரம்பரையலகுகளை எடுத்து வேறொரு செடியின் கலங்களிற் செலுத்தினால், அச்செடியும் அப்பொருளை ஆக்கும்.

அங்ஙனம் செலுத்தப்படும் செடியாகப் பெரிதும் வழங்குவது நிக்கோட்டியானா பெந்தாமியானா என்பது. இஃது அவுஸ்திரேலியாவுக்கு உரியது. நமது தோட்டத்துப் புகையிலைக்கு நெருங்கிய உறவுடையது. கொண்டுசெல்லும் தூதாக அமைவது அக்குரோபற்றீரியம் என்னும் மண்வாழ் பற்றீரியா. இது செடிகளின் காயத்தின் வழியே புகுந்து தன் பரம்பரையலகுகளை அவற்றின் கலத்தினுட் செலுத்திக் கழலையை உண்டாக்கும் இயல்பினது. விஞ்ஞானிகள் கழலை செய்யும் அலகுகளை நீக்கி, அவ்விடத்திலே தாம் வேண்டிய அலகுகளை வைத்து, அப்பற்றீரியாவை இலையினுட் செலுத்துகின்றனர். சில நாட்களில் இலை புதிய பொருளை ஆக்கத் தொடங்குகின்றது. பின் இலை பறிக்கப்படுகின்றது. இம்முறையிலே மாற்றம் அவ்விலைகளின் அளவிலே நின்றுவிடும். விதையின் வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. விதையின் வழியே தொடருமாறு செய்யும் முறையும் வேறாக உண்டு. இவ்விரண்டின் பேதம் பின்னர் நமக்கு வேண்டப்படும்.

இதற்கு எடுத்துக்காட்டு: இமயமலைச் சாரலில் வளரும் பொடோபில்லம் என்னும் மூலிகை எற்றொப்பொசைட் என்னும் புற்றுநோய் மருந்துக்கு மூலமாவது. அது மெல்ல வளர்வது. கிழங்கின்பொருட்டு அளவின்றித் தோண்டப்பட்டமையால் அருகியது. அதனாலே அதன் வியாபாரம் சர்வதேச உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டிருக்கின்றது. 2015 ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் சர்வகலாசாலையைச் சேர்ந்த எலிசபெத் சாற்றிலி என்னும் அம்மையாரும் வாரன் லாவ் என்பவரும், அம்மூலிகையின் இலையைக் காயப்படுத்தும்போது மருந்தாக்கும் அலகுகள் விழித்தெழுவதைத் துணையாகக் கொண்டு, அறியப்படாதிருந்த படிகளைக் கண்டனர். கண்டு, பத்து நொதியங்களுக்குரிய அலகுகளை மேற்கூறிய புகையிலை உறவினிற் செலுத்தி, எற்றொப்பொசைட்டுக்கு முன்னிலைப் பொருளை அதன் இலையிலே விளைத்தனர். மலைச்சாரலில் மூலிகையைத் தோண்டாமலே மருந்து பெறுதற்கு இது வழி காட்டிற்று.

செடியையன்றி மதுவத்தையும் இவ்வாறு பயன்படுத்துவர். 2022 ஆம் ஆண்டில் ஜே கீஸ்லிங் என்பவரைத் தலைவராகக் கொண்ட குழுவினர், முப்பதுக்கு மேற்பட்ட செடி அலகுகளை மதுவத்திற் செலுத்தி, நித்தியகல்யாணியின் இரண்டு மூலப்பொருள்களை அதனைக்கொண்டு ஆக்குவித்து, அவற்றை இணைத்து வின்பிளாஸ்ரீன் செய்து காட்டினர். செடிக்கலங்களைத் தொட்டிகளிலே வளர்த்து மருந்து பெறுதலும் உண்டு. கோஷே என்னும் பரம்பரை நோய்க்குக் கரட்டின் கலங்களில் ஆக்கப்பட்ட நொதியம் ஒன்று 2012 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆகவே இது கனவன்று, நடைபெறும் தொழிலே.

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆசங்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதலாம் ஆசங்கை: இஃது இயற்கைக்கு மாறானது, ஆதலின் தீது என்பது. இயற்கை என்பதனால் மனிதர் கை படாதது என்று கொள்ளின், நாம் உண்ணும் சோறும் அக்குற்றத்துக்கு உட்படும். காட்டு நெல் கதிர் முற்றியவுடன் மணியை உதிர்ப்பது. உதிராத நெல்லைத் தெரிந்தெடுத்து வளர்த்தவர் மனிதரே. இனம் கடந்து பரம்பரையலகு செல்லுதலே மாறு என்று கொள்ளினும், அதுவும் இயற்கையில் நிகழ்ந்துள்ளது. நாம் அவித்து உண்ணும் வற்றாளங்கிழங்கினுள்ளே மேற்கூறிய அக்குரோபற்றீரியத்தின் அலகுகள் முன்னரே புகுந்து நிலைத்திருக்கின்றன என்பது 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியாற் பெறப்பட்டது. ஆராயப்பட்ட 291 வற்றாளை வகைகளிலும் அவை காணப்பட்டன. எந்த விஞ்ஞானியும் அங்கே அவற்றை வைத்தானல்லன்.

அங்ஙனமாயின், இயற்கையே செய்வதனை நாம் செய்தல் குற்றமன்று என்று முடித்துவிடலாமோ எனின், அதுவும் கூடாது. இயற்கையில் நிகழ்வன யாவும் அறமாயின், பாம்பு தீண்டுதலும், பெருவெள்ளம் ஊரை அழித்தலும் அறமாதல் வேண்டும். இயற்கையில் உண்டு என்பதனால் ஒன்று நன்றாகாதவாறே, இயற்கையில் இல்லை என்பதனால் ஒன்று தீதாகாது. நன்றும் தீதும் செய்வோன் கருத்தையும், செயலின் பயனையும், அதனால் இன்னலுறுவோர் யாவர் என்பதனையும் பற்றியே துணியப்படும். ஆகவே இவ்வாசங்கையும், அதற்கு எதிராகப் பலரும் சொல்லும் சமாதானமும் ஒரே பிழையில் நிற்பன.

இரண்டாம் ஆசங்கை: பயிரும் உயிர், அதன் உள்ளியல்பைத் திரித்தல் உயிர்க்கு இழைக்கும் தீங்கு என்பது. இது நம்மவர் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரென வகுத்தது. ஆன்மா புல்லாயும் மரமாயும் பிறவியெடுக்கும் என்பதும் நம்மவர் கொள்கை. ஆதலின் பயிரை மண்ணாங்கட்டி போல நினைத்து நடத்தல் நமக்கு ஒவ்வாது. ஆயினும், தீங்கு எங்கே மிகுகின்றது என்பதனை அளந்து பார்த்தல் வேண்டும். ஒரு கிராம் மருந்துக்கு 500 கிலோகிராம் இலையைக் கொய்தல் ஒருபுறம். அருகிவரும் மூலிகையை மலைச்சாரலிலே கிழங்கோடு அகழ்தல் ஒருபுறம். பசிபிக் கரையோரத்து யூ மரத்தின் பட்டையிலே ரக்சோல் என்னும் புற்றுநோய் மருந்து காணப்பட்டபோது, பட்டையுரித்த மரங்கள் பட்டுப்போயின. ஒரு நோயாளிக்குப் பல மரங்கள் வேண்டியிருந்தன. வேறு வழி கண்டபின்னரே அவ்வழிவு நின்றது. வளர்க்கப்பட்ட சில செடிகளின் இலையை மாற்றிப் பறித்தல் இவற்றினும் பெருந்தீங்கென்று கூறுதல் அரிது. ஆகவே உயிரிரக்கம் என்னும் காரணம் இவ்வித்தையை முற்றாக விலக்காது. தேவைக்கு மிஞ்சிச் செய்யாதே என்று வரம்பிடும். நோய் தீர்க்கும் மருந்தின்பொருட்டுச் செய்வதனையும், வாசனைத் திரவியத்தின் விலையைக் குறைக்கும்பொருட்டுச் செய்வதனையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது.

மூன்றாம் ஆசங்கை: மருந்து விளைக்கும் செடி உணவோடு கலந்தால் வருங்கேடு. இவ்வச்சம் வீணானதன்று. ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்திலே, பன்றிக்குட்டிகளின் நோய்க்குத் தடுப்பு மருந்து விளைக்கும்படி மாற்றப்பட்ட சோளத்தை ஒரு கம்பனி பரீட்சையாகப் பயிரிட்டது. அடுத்த போகத்தில் அந்நிலத்திலே சோயா அவரை விதைக்கப்பட்டபோது, உதிர்ந்த சோள விதைகள் தாமே முளைத்து அதனோடு கலந்தன. அது களஞ்சியத்திலே மற்றைய அவரையோடும் சேர்ந்துவிட்டமையால், 2002 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 5 இலட்சம் புசல் அவரை அழிக்கப்படலாயிற்று. கம்பனி தண்டமும் இறுத்தது. இதனால் நாம் அறிவது யாது? குற்றம் வித்தையினிடத்தன்று, பலர் உண்ணும் சோளத்தை, திறந்த வயலிலே, விதையின் வழியே தொடருமாறு மாற்றிய அசட்டையினிடத்தது. உணவாகாத செடியை, அடைத்த கூடத்தினுள்ளே, விதைக்குச் செல்லாத முறையினால் மாற்றுவோர் அக்கேட்டைப் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். பிறருடைய உணவு அவருடைய அனுமதியின்றி மாற்றப்படலாகாது என்பது இங்கே அறத்தின் கட்டளை.

நான்காம் ஆசங்கையே எல்லாவற்றினும் கடினமானது. இவ்வித்தையால் வரும் ஊதியம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்பது அது. மலேரியாச் சுரத்தின் கொடுமையை இத்தீவினர்க்கு எடுத்துரைக்க வேண்டா. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இங்கு ஏறக்குறைய 80,000 பேர் அந்நோயால் மாண்டனர். 2016 ஆம் ஆண்டிலேயே இலங்கை மலேரியா நீங்கிய தேசமென்று உலக சுகாதார நிறுவனத்தால் அத்தாட்சிப்படுத்தப்பட்டது. ஆபிரிக்காவிலோ அந்நோய் இன்னும் குழந்தைகளை வாரிக்கொண்டு போகின்றது. அதற்கு இன்று சிறந்த மருந்து ஆட்டிமிசினின். மாசிபத்திரியின் இனத்ததாகிய ஒரு செடியிலிருந்து, பழைய சீன வைத்திய நூலொன்றிற் கண்ட குறிப்பைத் துணையாகக் கொண்டு, து யூயூ என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அதனைப் பெற்றனர். 2015 ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அச்செடியைச் சீனாவிலும் வியட்நாமிலும் கிழக்காபிரிக்காவிலும் சிறு கமக்காரர் பயிரிடுகின்றனர். விளைச்சலும் விலையும் ஏறியிறங்கியமையால் மருந்து நிலையாகக் கிடைக்கவில்லை. அதனை நீக்கக் கருதிக் கீஸ்லிங் முதலானோர் 2006 ஆம் ஆண்டில் அம்மருந்தின் முன்னிலைப் பொருளை மதுவத்தில் விளைத்தனர். 2013 ஆம் ஆண்டில் சனோபி என்னும் கம்பனி இத்தாலியிலுள்ள தன் ஆலையில் அதனைக்கொண்டு மருந்தை மிகுதியாகச் செய்யத் தொடங்கியது. நோக்கம் நல்லதே. ஆயின், செடியினின்று பெறும் பொருளின் விலை கிலோகிராம் ஒன்றுக்கு 250 டொலருக்குக் கீழ் இறங்க, ஆலைப்பொருளுக்கு 350 டொலருக்கு மேல் வேண்டியிருந்தமையால், 2015 ஆம் ஆண்டில் அவ்வாலையில் அம்மருந்து செய்யப்படவில்லை. இம்முறை கமக்காரர் தப்பினர். அவர் தப்பியது விலையின் தற்செயலாலன்றி யாரும் அவரை நினைத்தமையாலன்று.

இங்கே இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மருந்து மலிவாயின் குழந்தை பிழைக்கும். மலிவாயின் கமக்காரன் வருவாய் இழப்பான். இவற்றுள் எது பெரிது எனின், குழந்தையின் உயிரே பெரிதென்று நாம் ஐயமின்றிக் கூறுவோம். கமக்காரன் வேறு பயிர் செய்யலாம். இறந்த குழந்தைக்கு வேறு உயிர் இல்லை. ஆயினும், பெரிய நன்மையைத் தெரிந்துகொண்டமையால் சிறிய கடன் தீர்ந்துவிடாது. பலருடைய நன்மைக்காக ஒருவனுடைய பிழைப்பு ஒழியுமாயின், அந்நன்மை பெறுவோர் அவனைக் கைதூக்கிவிடும் கடன்பட்டவராகின்றனர். முன்னறிவித்தல், மாற்றுப்பயிருக்கு உதவுதல், புதிய தொழிலிலே பங்கு கொடுத்தல் என்பன அக்கடனைத் தீர்க்கும் வழிகள். இதனைத் தருமமென்று கருதித் தாராளம் பேசுதல் தவறு. அது பட்ட கடன்.

மூலத்தை அறிந்தோர்க்குரிய கடனும் இத்தன்மையதே. செடியின் குணத்தை முதலிற் கண்டவர் பெரும்பாலும் பெயர் தெரியாத வைத்தியரும் மலைவாசிகளுமே. பின்னர் வந்தவர் அதனை நுணுக்கமாக ஆராய்ந்து ஆக்கவுரிமை பெறுகின்றனர். ஆராய்ந்தவருடைய உழைப்பும் உழைப்பே. அதற்குப் பயன் வேண்டாவென்று நாம் கூறமாட்டோம். ஆனால், முன்னோர் கண்டதனையே தாம் கண்டதாகச் சாதித்தல் களவோடு ஒக்கும். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே ஆக்கவுரிமை கொடுக்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான ஆராய்ச்சிச் சபையார், இது நம்முடைய நூல்களிலே முன்னரே எழுதப்பட்டுள்ளது என்று காட்டி வழக்காடியமையால், 1997 ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. எழுதி வைத்த நூல் இருந்தமையாலன்றோ அவ்வழக்கு வென்றது? எழுதாமல் வாய்வழியாக வழங்கிய அறிவுடையோர் யாது செய்வர்? 1992 ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை, மூலப்பொருள் தந்த தேசத்துக்கு வரும் பயனில் நியாயமான பங்கு கொடுக்கப்படல் வேண்டுமென்று விதித்தது. செடியையே கொண்டுபோகாமல் அதன் பரம்பரையலகின் எழுத்தொழுங்கை மாத்திரம் பிரதிசெய்து கொண்டுபோகக்கூடிய இக்காலத்தில், அவ்விதியைக் காத்தல் முன்னிலும் கடினமாகின்றது. கடினமென்பதனாற் கடன் ஒழியாது.

இன்னுமொன்று நாம் சிந்திக்கத்தக்கது. புகையிலையின் உறவினமே இன்று மருந்துச் செடியாயிருப்பது நமக்குப் புறம்பான செய்தியன்று. யாழ்ப்பாணத்து மண்ணிலே ஒல்லாந்தர் காலந்தொட்டுப் புகையிலை முதன்மையான வியாபாரப் பயிராக இருந்து வந்தது. திருவிதாங்கூருக்கும் தென்னிலங்கைக்கும் அது சென்றது. அதனால் வந்த பொருளிலே பல குடிகள் வாழ்ந்தன. அப்பயிர் எத்தனைபேரை நோயாளராக்கிற்று என்பதும் இன்று அறியப்பட்டதே. 2022 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே கனடா தேசத்தார், நிக்கோட்டியானா பெந்தாமியானாவிலே விளைத்த கொரோனாத் தடுப்பு மருந்தொன்றை அங்கீகரித்தனர். மெடிக்காகோ என்னும் கம்பனி அதனைச் செய்தது. அக்கம்பனியிலே பெரிய சிகரட் கம்பனி ஒன்று பங்கு வைத்திருந்தமையால், உலக சுகாதார நிறுவனத்தார் அம்மருந்தைத் தமது பட்டியலிற் சேர்க்க உடன்படவில்லை. 2023 ஆம் ஆண்டில் அக்கம்பனியை அதன் உரிமையாளரே மூடினர். சுவாசப்பையைக் கெடுத்துப் பொருள் ஈட்டுவோர், சுவாசப்பையைக் காக்கும் மருந்திலும் பொருள் ஈட்டலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. செடியின்மேற் குற்றமில்லை. மருந்தின்மேலும் குற்றமில்லை. அதனை வைத்திருந்த கையை உலகம் நோக்கிற்று. உயிர் காக்கும் மருந்தை அக்காரணத்தால் விலக்கியது சரியா என்பதில் நல்லோரும் வேறுபடலாம். கையை நோக்கியது சரியே என்பது நமது துணிபு.

இங்ஙனம் ஆராய்ந்தவிடத்து நாம் பெறும் முடிபு வருமாறு: பயிரின் இயல்பை மாற்றி மருந்து விளைத்தல் தன்னளவிலே பாவமன்று, தன்னளவிலே புண்ணியமுமன்று. அது நான்கு நிபந்தனைகளோடு கூடியவிடத்து அறமாகும். தேவை மெய்யானதாதல் வேண்டும். பிறருடைய உணவுக்கும் நிலத்துக்கும் கேடு வாராமற் காத்தல் வேண்டும். செடியையும் அதன் குணத்தையும் தந்தோர்க்கும், அதனால் பிழைப்பிழப்போர்க்கும் உரிய பங்கு கொடுக்கப்படல் வேண்டும். பெறப்பட்ட மருந்து நோயாளனுடைய கைக்கு எட்டும் விலையதாதல் வேண்டும். இவற்றுள் ஈற்றிலுள்ளதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஐந்நூறு கிலோகிராம் இலையின் வேலையைச் சில இலைகளிலே முடித்தும், விலையைப் பழைய விலையாகவே வைத்துக்கொண்டால், வித்தையின் பயன் முழுவதும் வியாபாரியிடத்தே தங்கிவிடும்; குழந்தையின் பெயரைச் சொல்லிப் பெற்ற நியாயம் குழந்தைக்குச் சென்று சேராது.

ஆசிரியர்களே, இதனை வகுப்பிலே கற்பித்தற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டா. வித்தியாசாலை வேலியோரத்து நிற்கும் பட்டிப்பூச் செடியைக் காட்டினாற் போதும். அது தன்னைக் காக்கவே நஞ்சை வைத்திருக்கின்றது என்பதனை முதலிற் கூறுக. அந்நஞ்சு புற்றுநோய்க்கு மருந்தான வரலாற்றைப் பின்னர்க் கூறுக. அச்செடியைத் தின்று பார்த்தல் ஆபத்து என்பதனையும் மறவாது எச்சரிக்க. அதன்பின், இம்மருந்தை வேறு செடியில் விளைக்கலாமா என்று மாணாக்கரைக் கேட்டு, அவர் கூறும் விடைக்குக் காரணமும் கேட்க. ஆம் என்பவனிடத்து, கமக்காரனுக்கு என் செய்வாய் என்றும், அன்று என்பவனிடத்து, மருந்தின்றி வாடும் குழந்தைக்கு என் செய்வாய் என்றும் வினாவுக. இருவரும் சிறிது நேரம் விடை தெரியாது நிற்பாராயின், அன்றைய பாடம் நன்றாக நடந்ததென்று கொள்ளலாம்.